காகிதம் அசையக் கூடாது

ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இமை மட்டும் ஒருமுறை மூடித் திறக்கிறது. கையால் வரையும் அனிமேஷனில் இதைவிடச் சிறிய காட்சி இருக்க முடியாது; ஏழெட்டுத் தாள் போதும். வரைந்து, ஸ்கேன் செய்து, ஓடவிட்டுப் பார்க்கிறார் அனிமேட்டர். அவள் உட்கார்ந்த இடத்திலேயே நடுங்குகிறாள். தோள் மயிரிழை அளவு இடப்பக்கம் போய்த் திரும்புகிறது. ஜன்னல் சட்டம் துடிக்கிறது. தாள்களை மறுபடி லைட் பாக்ஸில் அடுக்கினால் தோள்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகின்றன. வரைந்த கையில் பிழை இல்லை. நடுக்கம் ஸ்கேனரில்தான் நுழைந்திருக்கிறது.

எவ்வளவு நகர்ந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படம் வரையும் பகுதி 12 அங்குல அகலம், அதாவது 305 மி.மீ. ஒரு தாள் கண்ணாடிமேல் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலமுள்ள எச்டி படத்தில் அது 3 பிக்சல். 10 மீட்டர் அகலத் திரையரங்கில் 16 மி.மீ. தனிப் படமாகப் பார்க்கும்போது இந்த விலகலை யாரும் கவனிக்கப் போவதில்லை. அடுத்த தாள் வேறு பக்கம் அரை மி.மீ. தள்ளியிருந்து, இரண்டும் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் மாறி மாறி வந்தால், பார்க்காமல் இருக்கவும் முடியாது. நம் கண்ணின் இயல்பு அப்படி. இரண்டு கோடுகள் நேராகச் சேர்கின்றனவா, சற்றே விலகியிருக்கின்றனவா என்று பிரித்தறிவதில், விழித்திரையின் கூம்பு அணுக்களுக்கு இடையிலான தூரத்தைவிட நுண்ணிய வேறுபாட்டைக்கூட அது பிடித்துவிடுகிறது. பல அணுக்களின் செய்தியைச் சேர்த்துக் கணக்கிட்டு மூளை அதைச் சாதிக்கிறது. புதரில் அசையும் ஒரே ஒரு இலையைக் காட்டித் தந்து நம் முன்னோரைக் காத்த கண் இது. தாள் நகர்ந்ததை அதனிடம் மறைக்க முடியாது.

அனிமேஷன் ஓவியத்துக்கு ஸ்கேனர் வாங்குவோர் விளம்பரத்தில் முதலில் தேடும் எண் டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. அந்த எண் இங்கே கடைசியாக வர வேண்டியது என்பதே என் வாதம். ஓவியரின் ஒரே ஒரு ஓவியத்தை நகலெடுப்பவருக்கு ஸ்கேனர் ஒரு பூதக்கண்ணாடி. ஆயிரக்கணக்கான தாள்களை வரிசையாக நகலெடுப்பவருக்கு அது ஒரு அளவுகோல். நேற்று அளந்தபடியே இன்றும், முதல் தாளை அளந்தபடியே மூவாயிரமாவது தாளையும் அளக்கிற அளவுகோல்.

இந்தக் கவலை ஸ்கேனரைவிட மிகப் பழையது. அமெரிக்காவின் வின்சர் மெக்கே 1914-ல் வெளியிட்ட ‘கெர்ட்டி’ என்னும் டைனோசார் படத்துக்காகப் பல ஆயிரம் தாள்கள் வரையப்பட்டன. மெல்லிய தாள்களின் மூலைகளில் சிலுவைக் குறிகள் போட்டு, அவற்றைக் கண்ணால் பொருத்தித்தான் ஒவ்வொரு தாளும் வரையப்பட்டது. பின்னணியில் இருக்கும் மலையையும் மரத்தையும் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற உதவியாளர் தாள்தோறும் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார். பாறை அசையாமல் நிற்பதற்காக ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான முறை அதே பாறையை வரைந்திருக்கிறார். அந்தப் படத்தில் பின்னணிக் கோடுகள் இன்றும் லேசாகத் துடிப்பதைக் காணலாம். ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கில் வேலை செய்த கனடாக்காரரான ரவுல் பாரே எளிய தீர்வு ஒன்றைக் கொண்டுவந்தார்: தாளில் துளை, மேசையில் முளை. எல்லாத் தாளும் அதே முளைகளில் மாட்டப்படும். அதனால் எல்லாத் தாளும் அதே இடத்தில் நிற்கும். இன்று பெக் பார் என்று அழைக்கப்படும் அந்தப் பட்டைதான் கையால் வரையும் அனிமேஷனின் முதுகெலும்பு. அதில் பரவலான வகை அக்மி. நடுவில் ஒரு வட்ட முளை, இருபுறமும் 4 அங்குலம் தள்ளித் தள்ளி இரண்டு தட்டையான முளைகள்.

அந்த 4 அங்குலத்துக்குப் பின்னால் வடிவியல் இருக்கிறது. இரு ஓர முளைகளுக்கு இடையே 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. தாளின் துளை தேய்ந்து ஒரு முனை 0.1 மி.மீ. ஆடினால் தாள் முழுவதும் சற்றே சாய்கிறது. முளையிலிருந்து 267 மி.மீ. தள்ளியிருக்கும் எதிர் ஓரத்தில் அந்தச் சாய்வு 0.13 மி.மீ. நகர்வாகத் தெரியும். கல்லூரி மாணவர்கள் பலர் செலவை மிச்சப்படுத்த அலுவலகக் கோப்புக்குத் துளையிடும் சாதாரண பஞ்ச் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் இரு துளைகளுக்கு இடையே 80 மி.மீ. மட்டுமே. அதே 0.1 மி.மீ. ஆட்டம் இங்கே எதிர் ஓரத்தில் 0.33 மி.மீ. ஆகிவிடுகிறது. முளைகள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு உறுதி. கதவுக்குக் கீல்களை மேலும் கீழும் அடிக்கிறோம், நடுவில் சேர்த்து அடிப்பதில்லை, அதே காரணம்தான்.

முளைகளைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்கேனரின் அளவுக்கே வர முடிகிறது. 12 ஃபீல்டு எனப்படும் அனிமேஷன் தாள் 12.5 அங்குலத்துக்கு 10.5 அங்குலம், மில்லிமீட்டரில் 317-க்கு 267. ஏ4 தாளோ 297-க்கு 210. வீட்டில் இருக்கும் சாதாரண ஏ4 ஸ்கேனரில் அனிமேஷன் தாள் அடங்காது. ஏ3 வேண்டும். பெரிய காட்சிகளுக்குப் பயன்படும் 16 ஃபீல்டு தாள் 16.5-க்கு 13.5 அங்குலம், அதாவது 419-க்கு 343 மி.மீ. ஏ3 அளவு 420-க்கு 297. நீளத்தில் சரியாக உட்கார்ந்து அகலத்தில் 46 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இத்துறையில் நெடுநாள் மதிக்கப்படும் எப்சன் எக்ஸ்பிரஷன் 12000எக்ஸ்எல் போன்ற ஸ்கேனரின் கண்ணாடி ஏ3-ஐவிடச் சற்றுப் பெரியது, 437-க்கு 310. அப்போதும் 33 மி.மீ. மிஞ்சுகிறது.

வரைந்த பகுதி முழுதும் கண்ணாடிக்குள் இருக்கிறதே, ஓரம் வெளியே நீட்டினால் என்ன என்று கேட்கலாம். இன்றைய அகலத்திரைப் படத்துக்கு 16 அங்குல அகலம் என்றால் உயரம் 9 அங்குலம்தான், தாராளமாக அடங்குகிறது. வெளியே நீட்டுவது துளைகள் உள்ள ஓரம். அங்கேதான் ஒரு முக்கியமான முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

தாளை ஸ்கேனரில் ஒரே இடத்தில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஸ்கேனரின் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டி ஒரு பெக் பாரை டேப்பால் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு தாளையும் அதில் மாட்டி ஸ்கேன் செய்வது முதல் வழி. துளைகளும் படத்துக்குள் விழும்படி ஸ்கேன் செய்துவிட்டு, மென்பொருள் துளைகளைக் கண்டுபிடித்துத் தாளைத் திருப்பி, நகர்த்திச் சரிசெய்ய விடுவது இரண்டாவது. முதல் வழியில் நாம் நம்புவது பெக் பாரை மட்டுமன்று. ஸ்கேனரின் மோட்டாரையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு முறையும் சரியாக அதே புள்ளியிலிருந்து கிளம்பி, அதே சீரான வேகத்தில் ஊர்ந்து போகிறதா என்பது அதன் பல்சக்கரமும் பட்டையும் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. தாள் அசையாமல் இருந்தாலும், ஸ்கேனரின் தலை ஒரு பிக்சல் முன்னதாகக் கிளம்பினாலும் படம் அசையும். இரண்டாவது வழியில் அந்தத் தொடக்கப் பிழை தானாகவே நீங்கிவிடுகிறது. தாளும் துளையும் சேர்ந்தே நகர்ந்திருக்கும், துளையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் தாளும் வந்துவிடும். ஆகவே, இரண்டு ஸ்கேனர்களில் ஒன்றில் துளைகள் கண்ணாடிக்குள் அடங்கி, மற்றதில் அடங்காவிட்டால், நான் முதலாவதையே எடுக்கச் சொல்வேன், அதன் டிபிஐ பாதியாக இருந்தாலும். 12 ஃபீல்டு தாளோடு நிற்பவர்களுக்கு ஏ3 ஸ்கேனர் இந்த வசதியை முழுமையாகத் தருகிறது. தொடங்குகிறவர்களை 16 ஃபீல்டு தாளுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

துளையைத் தேட விரும்புகிறவர்கள் மூடியின் உட்புறத்தில் ஒரு கறுப்புத் தாளை ஒட்டிவிட வேண்டும். மூடி வெள்ளையாக இருந்தால் வெள்ளைத் தாளின் துளைக்குள்ளும் வெள்ளைதான் தெரியும். மென்பொருளுக்கு எதுவும் அகப்படாது. கறுப்புப் பின்னணியில் துளை தெளிந்த கருவட்டமாக நிற்கும்.

ஏ4 ஸ்கேனரிலேயே பாதி பாதியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்வார்கள். ஒற்றை ஓவியத்துக்கு அது நல்ல வழி. அனிமேஷனுக்கு அதைச் செய்யாதீர்கள். ஒட்டுமிடத்தில் நேரும் சிறுபிழை தாளுக்குத் தாள் வேறாக இருக்கும். படத்தின் நடுவே ஒரு தையல் துடித்துக்கொண்டே இருக்கும்.

இனி ஸ்கேனரின் வயிற்றுக்குள் போவோம். தட்டைப்படுக்கை ஸ்கேனர்களில் இரண்டு குலங்கள் உண்டு. சிசிடி குலத்தில், நகரும் விளக்கின் ஒளி தாளில் பட்டுத் திரும்பி, சில கண்ணாடிகளில் மடங்கி மடங்கிச் சென்று, ஒரு லென்ஸ் வழியாகச் சுருங்கி, சில சென்டிமீட்டரே நீளமுள்ள உணரிச் சில்லில் விழுகிறது. அந்தச் சில்லின் அடிப்படையை 1969-ல் பெல் ஆய்வகத்தில் வகுத்த வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 2009-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சிஐஎஸ் குலத்தில் கண்ணாடியும் இல்லை, பெரிய லென்ஸும் இல்லை. தாளின் அகலம் முழுவதற்கும் ஓர் உணரி வரிசை கண்ணாடிக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு போகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகள் மாறி மாறி மின்னுகின்றன; நுண்ணிய கோல்வடிவ லென்ஸ்களின் வரிசை தாளை அதே அளவில் உணரிக்குக் கடத்துகிறது. அதனால்தான் சிஐஎஸ் ஸ்கேனர் மெலிந்து, இலகுவாக, விலை குறைந்து கிடைக்கிறது.

விலை குறைந்ததற்கு ஒரு கூலி கொடுக்க வேண்டும். கோல் லென்ஸுக்குக் கண்ணாடியின் மேற்பரப்பில் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரியும். தாள் ஒரு மி.மீ. உயர்ந்தாலே கோடு மங்கத் தொடங்கும். சிசிடி லென்ஸ் தொலைவிலிருந்து பார்ப்பதால் சில மி.மீ. உயரத்தையும் தெளிவாகவே பிடிக்கும். வீட்டில் ஸ்கேனர் இருந்தால் அது எந்தக் குலம் என்று இப்போதே கண்டுபிடித்துவிடலாம். உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். விரல்களின் பக்கவாட்டுச் சரிவு தெளிவாகத் தெரிந்தால் சிசிடி. கண்ணாடியைத் தொட்ட இடம் மட்டும் தெளிந்து, மற்றதெல்லாம் இருட்டில் கரைந்தால் சிஐஎஸ்.

தட்டையான தாளுக்கு இந்த ஆழம் எதற்கு என்று தோன்றும். பெக் பாரை நினைத்துப் பாருங்கள். அதன் உலோகப் பட்டைக்குத் தடிப்பு உண்டு. கண்ணாடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டமும் கண்ணாடியைவிடச் சற்று உயர்ந்திருக்கும். இரண்டின் மேலும் ஏறி இறங்கும் தாள், முளைப் பக்கத்து ஓரத்தில் கண்ணாடியைத் தொடாமல் கூடாரம்போல் தூக்கி நிற்கிறது. சிஐஎஸ் ஸ்கேனரில் அந்த ஓரக் கோடுகள் மங்கும். அதுவும் தாளுக்குத் தாள் வெவ்வேறு அளவில் மங்கும். தண்ணீர் வண்ணத்தில் தீட்டிய பின்னணி ஓவியத்தில் இன்னும் மோசம். நனைந்து உலர்ந்த தாள் அலையலையாகச் சுருங்கியிருக்கும். பென்சில் கோடு மட்டும்தான், துளைகளும் கண்ணாடிமேல் தட்டையாகப் படிந்துவிடும் என்றால், பிளஸ்டெக் ஆப்டிக்ஸ்லிம் 1180 போன்ற ஏ3 சிஐஎஸ் ஸ்கேனர் போதும். பெக் பாரைச் சட்டத்தில் ஒட்டப் போகிறீர்கள், பின்னணி ஓவியங்களையும் அதிலேயே எடுக்கப் போகிறீர்கள் என்றால் சிசிடிக்குச் செலவழியுங்கள்.

டிபிஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 12 அங்குலப் படம் எச்டி அகலத்தை நிரப்ப அங்குலத்துக்கு 160 பிக்சல் போதும். 4கே அகலமான 3840 பிக்சலுக்கு 320. தாள் 16 அங்குலமானால் 4கே-க்கு 240-தான். 300 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 0.085 மி.மீ.; அரை மி.மீ. பென்சில் கோட்டின் குறுக்கே ஆறு பிக்சல் விழுகின்றன. கோட்டின் அழுத்தமும் சொரசொரப்பும் தெரிய அது தாராளம். காமிரா ஓவியத்துக்குள் நெருங்கிப் போகும் காட்சிக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 2400, 4800 எல்லாம் இந்த வேலைக்கு ஒருநாளும் தேவைப்படாது.

தேவைக்கு மேல் கூட்டினால் என்ன குடி முழுகும் என்றால், நேரம் முழுகும். நொடிக்கு 12 ஓவியம் என்ற கணக்கில் 5 நிமிடப் படத்துக்கு, ஒரே ஒரு அடுக்கு என்றாலும் 3600 தாள். தாளை மாட்டி, மூடி, ஸ்கேன் செய்து எடுக்க 30 நொடி ஆனால் மொத்தம் 30 மணி நேரம். 600 டிபிஐ-க்குப் போய் அது ஒரு நிமிடமானால் 60 மணி நேரம். 12 ஃபீல்டு தாள் ஒன்று 300 டிபிஐ-யில், சாம்பல் நிறப் படமாக, சுமார் 12 எம்பி. 600-ல் 47 எம்பி. வட்டு இன்று மலிவு. தனியாக உட்கார்ந்து படம் எடுக்கிறவரின் 30 மணி நேரம் மலிவானதன்று.

ஒளி விஷயத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். இங்கேயும் அதே கதைதான், தாளின் இடத்துக்குப் பதில் இம்முறை வெளிச்சம் அசைகிறது. ஸ்கேனர் மென்பொருள் ஒவ்வொரு தாளையும் பார்த்து வெளிச்சத்தைத் தானாகத் திருத்தும் வழக்கம் உடையது. கதாபாத்திரம் கறுப்பு மேலங்கியுடன் நுழையும் தாளில் மை அதிகம், அடுத்ததில் குறைவு. மென்பொருள் இரண்டையும் தனித்தனியே ‘அழகாக்கும்’. ஓடவிட்டால் தாளின் வெண்மை மினுங்கும். தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கறுப்பு எது, வெள்ளை எது என்று கையால் ஒருமுறை வைத்த அளவைக் கடைசித் தாள்வரை மாற்றாமல் வைக்க அனுமதிக்காத ஸ்கேனர், வேறு எவ்வளவு சிறந்ததானாலும் நமக்கு ஆகாது. பழைய சிசிடி ஸ்கேனர்களின் ஃபுளோரசன்ட் விளக்கு சூடேறி நிலைக்கச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் எடுத்த தாள்களும் மினுங்கும். எல்இடி விளக்குள்ள ஸ்கேனரில் இந்தத் தொல்லை இல்லை.

நீலப் பென்சிலின் ரகசியமும் இங்கேதான். அனிமேட்டர்கள் முதலில் நீலத்தில் கிறுக்கி உருவத்தைத் தேடுவார்கள், பிறகு அதன்மேல் கறுப்பில் கோட்டை உறுதி செய்வார்கள். அந்த நீலத்தை அழிக்க ரப்பர் தேவையில்லை. நீலக் கோடு நீல ஒளியைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஸ்கேனரின் நீல வரிசையை மட்டும் எடுத்தால் நீலக் கிறுக்கல் வெண்மையில் கரைந்து, கறுப்புக் கோடு மட்டும் நிற்கும். சிவப்பு வரிசையை எடுத்தால் நேர்மாறு: நீலம் கருத்துத் தெரியும், சிவப்புப் பென்சில் மறையும். ஜப்பானிய அனிமேட்டர்கள் நிழலின் எல்லையையும் ஒளியின் எல்லையையும் சிவப்பு, நீலம், பச்சைக் கோடுகளால் பிரித்து வரைகிறார்கள். வண்ணம் தீட்டும் கட்டத்தில் அந்தக் கோட்டு நிறங்களே வழிகாட்டி. அந்த முறையில் வேலை செய்கிறவர்கள் சாம்பல் நிறத்தில் எடுத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும்; அவர்கள் முழு வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும்.

பெரிய ஸ்டுடியோக்கள் இதையெல்லாம் தங்களுக்கென்று தனிக் கருவிகள் செய்து தீர்த்துக்கொண்டன. டிஸ்னி, பிக்சாருடன் சேர்ந்து உருவாக்கிய கேப்ஸ் அமைப்பில் ஓவியங்களை ஸ்கேன் செய்து கணினியிலேயே வண்ணமிட்டார்கள். 1990-ல் வந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுதும் அப்படி உருவான முதல் படம். ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ இத்தாலியில் பிறந்த டூன்ஸ் மென்பொருளைத் தன் தேவைக்கேற்ப வளைத்துக்கொண்டது. 2016-ல் அது ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளிவந்தபோது, கிப்லி தன் ஸ்கேனிங்குக்குப் பயன்படுத்திய ஜிடிஎஸ் என்ற கருவியும் கூடவே கிடைத்தது. ஒரு காலத்தில் ஸ்டுடியோச் சுவர்களுக்குள் மட்டும் இருந்தது இன்று ஒரு மாணவியின் மடிக்கணினியில் இருக்கிறது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

தானாகத் தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரும் உண்டு. நூறு தாளை அடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். உருளை இழுக்கும்போது தாள் சாயும். துளைகளை வைத்து மென்பொருள் அதை நிமிர்த்திவிடும் என்றால் பயன்படுத்தலாம். மென்மையான பென்சிலில் வரைந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கரி உருளையில் ஒட்டி அடுத்த தாளில் தீற்றலாக இறங்கும். வண்ணம் தடித்த ஓவியத்தை அதில் விடவே கூடாது.

காமிராவை மேலே தொங்கவிட்டுப் படமெடுப்பது வேகமான மாற்றுவழி. பெக் பார் மேசையில் நிலையாக இருக்கும், ஊர்ந்து போகும் மோட்டார் இல்லை. 24 மெகாபிக்சல் காமிரா அகலவாக்கில் 6000 பிக்சல் தரும், அது தாராளம். இருபுறமும் 45 பாகையில் சமமான விளக்கும், ஓரங்களை வளைக்காத லென்ஸும், காமிராவைத் தொடாமல் இயக்கும் விசையும் வேண்டும். ஏ3-க்குள் அடங்காத நீளமான பின்னணி ஓவியம் வைத்திருப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும், வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். துளையிட்ட ஒரு தாளின் நான்கு மூலைகளிலும் கூரிய பென்சிலால் சிறு சிலுவை போடுங்கள். மெக்கே போட்ட அதே குறி. தாளைத் தொடாமல் பத்து முறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி இன்னொரு பத்து முறை. முதல் பத்தில் சிலுவை துடித்தால் குறை மோட்டாரில். அது நின்று இரண்டாவது பத்தில் துடித்தால் குறை முளையிலோ துளையிலோ. இருபதையும் நொடிக்கு 12 வீதம் ஓடவிட்டு, முளைகளிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.